மஞ்சள் பைக்குள் ஓர் அட்டை

(அடி அண்ணாமலையில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நர்சம்மா என்றுதான் கூப்பிட்டீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் அதே பெயர்தான். அந்தப் பெயர் கொடுக்கும் உரிமையில்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். உங்கள் வீட்டு மஞ்சள் பைக்குள், ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த அட்டை. அதைப் பற்றி இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒரு குரல் சொல்கிறது: மக்கள் வரிப்பணம் காப்பீட்டுக் கம்பெனி வழியாகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது, இதை நிறுத்துங்கள், அந்தப் பணத்தில் அரசு மருத்துவமனைகளைப் பெருக்குங்கள். இன்னொரு குரல் சொல்கிறது: ஏழைகள் இதனால்தான் பிழைத்தார்கள், இதில் கை வைக்காதீர்கள். இரண்டு குரலிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே மேடையிலிருந்து வரும் குரல்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசப் போகிறேன். ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன். இந்த அட்டை எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது?

முதலில் வந்த வழியைப் பார்ப்போம். 2007இல் ஆந்திராவில் ஆரோக்கியஸ்ரீ வந்தது. 2009 ஜூலையில் இங்கே உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. போட்டோ எடுத்து அட்டை கொடுத்தார்கள். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்வதெல்லாம் பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம் என்று நினைத்திருந்த ஊர் இது. அந்த அட்டை வந்த பிறகுதான் கூலிக்காரர் வீட்டிலும் 'பைபாஸ்' என்ற சொல் நுழைந்தது.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. பழைய திட்டம் நிறுத்தப்பட்டது. புதிய திட்டம், அதாவது இப்போதிருக்கும் இந்தத் திட்டம், 2012 ஜனவரி 11 அன்று தொடங்கியது. வரலாற்றுப் புத்தகத்தில் இது இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கு நடுவில் இருந்த மாதங்களில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டார்களா?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கிரிவலப் பாதையில் கற்பூரமும் நெய்விளக்கும் விற்கும் அம்மா. கணவருக்கு மூன்று ரத்தக்குழாயில் அடைப்பு. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இப்ப செல்லாதும்மா" என்று ஜன்னல் வழியே நீட்டிவிட்டார். அன்று சாயங்காலம் அந்த அம்மா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அட்டையை என் கையில் கொடுத்தார். "இன்னா நர்சம்மா, இது போலி அட்டையா?" என்று கேட்டார். அட்டையில் அவரும் கணவரும் பிள்ளைகளும் இருக்கும் போட்டோ. அதே முகங்கள், அதே வறுமை, அதே அடைப்பு. அட்டை மட்டும் செல்லாது. கறவை மாட்டை விற்றார்கள், தோடு அடகுக்குப் போனது. ஆபரேஷன் நடந்தது, மனிதர் பிழைத்தார். கடன் தீர நான்கு கார்த்திகை தீபம் ஆனது.

திட்டத்தை ஒழித்துவிடலாம் என்று எளிதாகச் சொல்கிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. கூரையைப் பிரித்துப் புதுக்கூரை போடுவது நல்ல வேலைதான். உள்ளே நோயாளி படுத்திருக்கும்போது பிரிக்கலாமா? மழைக்காலத்தில் பிரிக்கலாமா?

உலகத்தின் பெரிய பணக்கார நாட்டிலும் இதே வழக்கு நடந்தது. அமெரிக்காவில் ஒபாமா காலத்தில், 2010இல், காப்பீடு இல்லாதவர்களுக்குக் காப்பீடு கிடைக்கச் சட்டம் வந்தது. அடுத்து வந்தவர்கள் அதை ரத்து செய்தே தீருவோம் என்று தேர்தலில் சொன்னார்கள், ஆட்சியையும் பிடித்தார்கள். 2017 ஜூலையில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், செனட் சபையில் வாக்கெடுப்பு. மூளையில் புற்றுநோய் என்று அப்போதுதான் கண்டறியப்பட்டிருந்த ஜான் மெக்கெய்ன், ஆளும் கட்சியைச் சேர்ந்தவர், கட்டை விரலைக் கீழே காட்டி எதிர்த்து வாக்களித்தார். 49க்கு 51. ரத்து தோற்றது. ஏன் தோற்றது? எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பீர்கள் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. நம் ஊரில் ஒழிக்கச் சொல்கிறவர்களிடமும் நான் அதைத்தான் கேட்கிறேன். நாளைக் காலை நெஞ்சு வலி வருகிறவருக்கு எதை வைத்திருக்கிறீர்கள்?

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். இங்கேதான் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு நம் திட்டமும் சேர்ந்தது, தொகை 5 லட்சமானது. 2022 ஜனவரியில் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தார்கள். வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியத்தை அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிறது. சுமார் 1 கோடியே 37 லட்சம் குடும்பம். பெருக்கிப் பாருங்கள், ஆண்டுக்கு ஆயிரம் கோடிக்கு மேல். உங்கள் ஒரு வீட்டுக்கு என்று பார்த்தால் நாளுக்கு இரண்டே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் அதிகம். ஒரு டீ கூட வராத காசு அது. அந்தக் காசில் இதய ஆபரேஷன் நடக்கிறது, காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி வைக்கிறார்கள், டயாலிசிஸ் நடக்கிறது. இது சின்னக் காரியம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆபரேஷனுக்குத்தான் காசு என்று ஒரு விதி வைத்தால், ஆபரேஷன்கள் பெருகும். தாய்மார்களே, இதை உங்களுக்காகவே சொல்கிறேன். 2012இல் பீகாரில் சமஸ்திபூர் மாவட்டத்திலும், சத்தீஸ்கரிலும் என்ன நடந்தது தெரியுமா? 30,000 ரூபாய் வரை சிகிச்சை தரும் தேசியக் காப்பீட்டு அட்டை அங்கே இருந்தது. வயிற்று வலி, வெள்ளைப்படுதல் என்று வந்த பெண்கள் பலருக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தி எடுத்தார்கள். அதில் வயது முப்பதைத் தொடாதவர்களும் இருந்தார்கள். மருந்தில் தீர வேண்டிய வலிக்கு உறுப்பையே எடுத்துவிட்டு, அட்டையில் தொகையை எழுதிக்கொண்டார்கள்.

இருபத்தேழு வருஷம் இந்த ஊர்களில் பிரசவம் பார்த்தவள் நான். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தங்கை ஒருத்தி கத்தியின் கீழ் படுக்கும்போது அவளுடைய நோய் மேசையில் இருக்க வேண்டும். அவளுடைய அட்டை மேசையில் இருக்கக் கூடாது. உங்களில் யாரிடமாவது கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு தடவை காட்டுங்கள். ஒரு நாள் தாமதத்தால் குடி முழுகாது.

கணக்குத் தணிக்கையும் சும்மா இருக்கவில்லை. 2023 ஆகஸ்டில் மத்தியத் தணிக்கைத் துறை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைப் பற்றி அறிக்கை வைத்தது. ஒன்பது என்ற எண்ணையே பத்துத் தடவை போட்ட ஒரே போன் நம்பரில் ஏறக்குறைய 7.5 லட்சம் பேர் பதிவாகியிருந்தார்கள். இறந்துபோனதாகக் குறிக்கப்பட்டவர்கள் பெயரில் சிகிச்சை நடந்திருந்தது. அந்தப் பணம் யாருடையது? சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டுகிற உங்களுடையது.

அப்படியானால் ஒழிக்கச் சொல்கிறவர்கள் சொல்வது சரிதானே என்று கேட்பீர்கள். பொறுங்கள். இந்தத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் சேர்ந்திருக்கின்றன. அங்கே நடக்கும் ஆபரேஷனுக்கும் கிளைம் பணம் வருகிறது. அதில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்கு, ஒரு பங்கு டாக்டர், நர்ஸ், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை. அந்தப் பணத்தில்தான் பல இடங்களில் புதுக் கருவி வாங்கியிருக்கிறார்கள். திட்டத்தை நிறுத்தினால் அரசு மருத்துவமனை கொழிக்கும் என்பது காகிதத்தில் சரி. நிறுத்திய பணம் நேரே அங்கேதான் போகும் என்று எழுதிக் கொடுப்பவர் யார்?

சரி, என் கேள்விக்கு வருகிறேன். இந்த அட்டை எங்கே தொடங்குகிறது?

இளநீர் விற்கும் ஒரு அண்ணன். இந்த ஊர்க்காரர்தான், பெயர் வேண்டாம். நாற்பத்தாறு வயது. என் பிரஷர் கருவியைக் கையில் கட்டிப் பார்த்தபோது 180க்கு 110. மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். அம்லோடிபின், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மூன்று மாதம் ஒழுங்காக வந்தார். அப்புறம் காணோம். நானே தேடிப் போனேன். கிரிவலப் பாதை ஓரத்தில் புளிய மர நிழலில் இளநீர் சீவிக்கொண்டிருந்தார். "வரிசையில நின்னா பாதி நாள் போயிடுது நர்சம்மா. வர்ற பௌர்ணமி முடியட்டும், வந்துடறேன்" என்றார். ஒரு இளநீரைச் சீவி என் கையில் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த பௌர்ணமி, அதற்கடுத்த பௌர்ணமி. ஒரு விடியற்காலையில் அரிவாளைத் தூக்கப் போனவருக்கு வலது கை வரவில்லை. வாய் கோணிவிட்டது.

108 வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே அட்டை கதவைத் திறந்தது. தலைக்கு ஸ்கேன், ஐசியூ, பதினோரு நாள். சேர்த்த அன்று மட்டும், "டெஸ்டுக்குக் கட்டிடுங்க, அப்ரூவல் வந்தா திருப்பித் தருவோம்" என்று ஒரு பில்லைக் கையில் கொடுத்தார்கள். கட்டினோம். திரும்பி வரவில்லை.

இப்போது சொல்லுங்கள். அந்த அண்ணனின் நோய் எங்கே தொடங்கியது? புளிய மர நிழலில் தொடங்கியது. அட்டை எங்கே தொடங்கியது? வாய் கோணிய பிறகு, கட்டிலில் படுத்த பிறகு தொடங்கியது. சில நூறு ரூபாய் மாத்திரையும் பாதி நாள் கூலியும் தடுத்திருக்கக் கூடிய ஒன்றுக்கு அரசு பெருந்தொகை கட்டியது. அரசுக்கும் நஷ்டம், அவருக்கு வலது கையே நஷ்டம்.

அட்டை எங்கே முடிந்தது? டிஸ்சார்ஜ் சீட்டில் முடிந்தது. ஆயுஷ்மான் பாரத் விதிப்படி வீட்டுக்கு அனுப்பிய பிறகு 15 நாள் மருந்துச் செலவு சேரும். பதினாறாம் நாளிலிருந்து? கை கால் அசைக்கப் பயிற்சி மாதக்கணக்கில் வேண்டும். ஆட்டோ வைத்துத்தான் கூட்டிப் போக முடியும். மனைவி கூடவே இருந்தாக வேண்டும். பௌர்ணமிக்குப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கிறது, அவர்கள் கடை மட்டும் மூடிக் கிடக்கிறது. மாதத்துக்கு அந்த ஒரு ராத்திரிதான் இந்தப் பாதைக்காரர்களுக்குச் சம்பள நாள். அது போனால் அந்த மாதமே போயிற்று. எந்த அட்டை அதைத் தருகிறது?

நான் குறை மட்டும் சொல்ல வரவில்லை. இதற்கு மருந்து வெளிநாட்டில் இல்லை, நம் கையிலேயே இருக்கிறது. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக, மலிவாக வாங்கி எல்லா அரசு மருத்துவமனைக்கும் அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு அது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நான் வேலையை விட்ட பிறகு வந்த நல்ல காரியம் அது. முன்பே வந்திருந்தால் இளநீர் அண்ணனின் கை இன்று அவருடையதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். அட்டையைப் பிடுங்காதீர்கள். அட்டையை இரண்டு பக்கமும் இழுத்து நீட்டுங்கள். முன்பக்கம் மாத்திரை வரைக்கும், பின்பக்கம் மனிதர் எழுந்து நடக்கும் வரைக்கும். வீடு தேடி வரும் அந்தத் தங்கைக்கு நிலையான சம்பளம் கொடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை கிடைக்கட்டும், கூலி போகாமல் ஆள் வருவார். பக்கவாதத்துக்குப் பிறகான பயிற்சியைத் திட்டத்தில் சேருங்கள். துணைக்கு இருப்பவருக்கு நாள் கணக்கில் ஒரு தொகை கொடுங்கள்.

காப்பீட்டுக் கம்பெனி நடுவில் வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. கேரளத்தில் 2020இல் கம்பெனியை விலக்கிவிட்டு, மாநில சுகாதார முகமை என்று அரசே ஓர் அமைப்பு வைத்து ஆஸ்பத்திரிகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். கர்நாடகத்தில் முதலில் அரசு மருத்துவமனையில் காட்டி, அங்கே முடியாது என்று எழுதிக் கொடுத்தால்தான் பெரும்பாலான சிகிச்சைக்குத் தனியாருக்குப் போகலாம். அந்த விதியில் அலைச்சல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தேவையில்லாத கத்தியை அது தடுக்கும். கம்பெனி இருந்தாலும் சரி, அரசே நடத்தினாலும் சரி, கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் என்ன ஆபரேஷன், எத்தனை, எவ்வளவு பணம் என்று மாவட்டவாரியாக நாங்கள் பார்க்க வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். இதைச் சட்டமாக்குங்கள். 2023இல் ராஜஸ்தான் மருத்துவத்தை உரிமை என்று சொல்லி ஒரு சட்டம் போட்டது. அதில் குறை நிறை உண்டு. ஆனாலும் சட்டத்தில் இருப்பதை ஒரு கவுண்டர் ஜன்னலில் செல்லாது என்று சொல்ல முடியாது. திட்டத்தின் பெயர் மாறட்டும், படம் மாறட்டும், நிறம் மாறட்டும். ஒரு நாள் கூட, ஒரே ஒரு நாள் கூட, பழைய அட்டைக்கும் புது அட்டைக்கும் நடுவில் யாரும் திண்ணையில் உட்கார்ந்து அழக் கூடாது. 2022 ஜனவரியில் போட்டது ஐந்தாண்டு ஒப்பந்தம். அப்படியென்றால் 2027 ஜனவரி. அடுத்த ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்று கோட்டையில் பேசும்போது நம் பேச்சும் அந்த மேசைக்குப் போயிருக்க வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதியலாம். குழந்தை பிறந்ததும் ரேஷன் கார்டில் பெயர் சேருங்கள். அட்டை இருக்கும்போது டெஸ்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், 1800 425 3993 என்ற எண்ணில் உடனே புகார் சொல்லுங்கள். நான் அன்று ரசீதை மட்டும் மடித்து வைத்துக்கொண்டேன், புகார் சொல்லவில்லை. அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

நான் சொன்னவற்றை ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறோம். பௌர்ணமி அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது, யாருக்கும் கடை போகாது, பார்த்துத்தான் நாள் வைத்தேன். கற்பூரக் கடை அம்மா வருகிறார். அந்தச் செல்லாத அட்டையை இத்தனை வருஷமும் மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருக்கிறார், அதையும் மனுவோடு சேர்த்துக் காட்டப் போகிறார். இளநீர் அண்ணன் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகியிருக்கிறார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. நோட்டு அதோ, வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன்.